பதினாறாவது பெயர்

கல்லூரிகளில் உடற்கல்வி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும், ஷாமியானா கட்ட வேண்டும் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். மைக் கத்தினாலும் நீங்கள்தான். சுதந்திர தினத்தன்று கொடிக்கயிறு சிக்கிக்கொண்டால், முதல்வரில் இருந்து வாட்ச்மேன் அண்ணன் வரை எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். முப்பத்தோரு வருஷம் இதையெல்லாம் செய்துவிட்டு, போன வருஷம் ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது.

உங்களுக்காகப் போடும் இந்தச் சிறப்பு மலருக்கு என் சாதனைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் எங்கள் பேஸ்பால் அணியைப் பற்றி எழுதுகிறேன். அதில் என் சாதனை எதுவும் இல்லை என்பதால் நிறைய எழுதலாம்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்தது எங்கள் பெண்கள் கல்லூரி. ஒருநாள் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஒரு சுற்றறிக்கை, தரையில் ஆள் உயரத்துக்கு ஒரு பை.

“மேடம், இந்த வருஷம் பேஸ்பால் டீம் அனுப்பணுமாம். பண்ணிருங்க.”

“எனக்கு பேஸ்பால் தெரியாதே சார்.”

“ஹேண்ட்பால் ஆடுனவங்கதான நீங்க? பந்து பந்துதான மேடம்.”

இப்படித்தான் நான் பேஸ்பால் பயிற்சியாளர் ஆனேன். பையைப் பிரித்தால் இரண்டு மட்டை, ஒரு டஜன் பந்து, ஒன்பது கையுறை, கேட்சருக்கு ஒரு முகமூடி, ஒரு விதிப் புத்தகம். ஒன்பது கையுறையில் நான்கு வலது கைக்காரர்களுக்கு ஆகாது. விதிப் புத்தகத்தைப் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிட்சர் பந்தை வீசுவாள், மட்டைக்காரி அடித்துவிட்டு மூன்று பேஸையும் வரிசையாகத் தொட்டுச் சுற்றி, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். மட்டைக்காரிக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவள் கேட்சர். இதை நான் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் போட்டியில் முதல் ஆளாக இறங்கியது பாண்டியம்மாள். டி. கல்லுப்பட்டிக்காரி, கபடியில் மாவட்டத்துக்கு ஆடியவள், நல்ல கட்டுமஸ்தான பிள்ளை. முதல் பந்தையே வெளுத்தாள். பந்து வேலியோரம் போய்விட்டது. அவள் முதல் பேஸுக்குப் பறந்து போனாள், பேஸைக் கையால் தொட்டாள், தொட்ட வேகத்தில் திரும்பி ஹோமுக்கே ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“தொட்டுட்டு வந்துட்டேன் மேம்!”

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து வருஷமாக எதிராளியைத் தொட்டுவிட்டுத் தன் கோட்டுக்குத் திரும்புவதுதான் அவளுக்குத் தெரிந்த விளையாட்டு. அடுத்து இறங்கியவள் கிரிக்கெட்காரி. அவள் மட்டையோடு ஓடி, முதல் பேஸுக்கு முன்னால் குனிந்து மட்டையைத் தரையில் உரசினாள். அம்பயர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன். இருபத்து மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒரு ரன் எப்படி வந்தது என்று எங்களுக்கும் தெரியாது, எதிரணிக்கும் தெரியாது.

இரண்டாவது சீசனில் கேட்சர் முகமூடியின் வார் அறுந்துபோனது. பாண்டியம்மாள்தான் கேட்சர். ஆய்வக உதவியாளர் அண்ணனின் பைக் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிவிட்டேன். அது நட்பு ஆட்டம் என்பதால் யாரும் கேட்கவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில், “மேம், மூச்சு விட்டா கண்ணாடி மங்குது, ஒண்ணுமே தெரியல” என்று கத்தினாள்.

“அப்ப விடாத!” என்று நானும் கத்தினேன்.

அன்று ஆட்டம் முடிந்ததும் எதிரணிக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் என்னிடம் வந்தார். மூத்தவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்லவா? ஆட்டம் நடக்கயில விசில வாயிலயே வச்சுக்கங்க. ஊதணும்னு இல்ல. வாயில விசில் இருந்தா பிள்ளைகளத் திட்ட முடியாது. திட்டணும்னா அத எடுக்கணும்ல, எடுக்குறதுக்குள்ள பாதி மறந்துரும்.”

என் முப்பத்தோரு வருஷத்தில் ஒருவர் எனக்குச் சொன்ன உருப்படியான யோசனை அதுதான். பயிற்சி முகாம்களில் வெள்ளைத்திரையில் படம் போட்டுச் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். ஏறக்குறைய எப்போதும்.

இப்போது பட்டியல் விஷயம். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, இன்னும் ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஆடுவது ஒன்பது பேர். பட்டியலில் பதினாறு பெயர் எழுதலாம். மாநிலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால், ஆடினாலும் ஆடாவிட்டாலும் பதினாறு பேருக்கும் சான்றிதழ். அது கையில் இருந்தால் மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் முட்டிப் பார்க்கலாம். ஆகவே மிச்சமுள்ள ஏழு பெயர்களுக்குத்தான் சிபாரிசு குவியும். நிர்வாகத்துக்கு வேண்டியவரின் அக்கா மகள் ஒருத்தி எங்கள் பட்டியலில் இருந்தாள். மைதானத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு வருவாள். பந்து உருண்டு பக்கத்தில் வந்தால் சுடிதார் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவாள். எல்லாக் கல்லூரியிலும் நடந்ததுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரை எழுதியது என் கை.

ஒன்பது பேருக்கும் கீழே, சிபாரிசுகளுக்கும் கீழே, பதினாறாவதாக எப்போதும் ஒரே பெயர்தான் இருக்கும். ஒச்சம்மாள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஊர். கணிதம் படித்தாள், ஹாஸ்டல் பிள்ளை. பெயர் கொடுக்க வந்த அன்று, “ஏம்மா, பேஸ்பால்ல ஆர்வமா?” என்று கேட்டேன்.

“டீம்ல இருந்தா ஹாஸ்டல்ல தெனம் ரெண்டு முட்டைன்னாங்க மேம்.”

இவ்வளவு நேர்மையான விண்ணப்பத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அன்றே சேர்த்துக்கொண்டேன். ஓட்டம் சுமார். மட்டையைப் பிடித்தால் உலக்கையைப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் பந்தை எங்கே எறியச் சொன்னாலும் சரியாக அங்கே எறிவாள். வேகம் மட்டும் கிடையாது. அதனால் பயிற்சியில் மற்றவர்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்து போடும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். மூன்று வருஷம், மாலைதோறும் அவள்தான் போட்டாள். போட்டி என்று வந்தால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள்.

உட்கார்ந்தவள் சும்மா உட்காரவில்லை. நான் பூட்டி வைத்திருந்த விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தாள். ஒரு கோடு போட்ட நோட்டில், எதிரணிப் பிள்ளைகளில் யார் எந்தப் பந்தை எங்கே அடித்தாள் என்று எழுதினாள். கணிதம் படிக்கிற பிள்ளை, பொழுது போகாமல் எதையோ கிறுக்குகிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது சீசனில் எங்களுக்கு ஒரு நல்ல பிட்சர் வாய்த்திருந்தாள். அபிராமி. டவுனுக்குள் வீடு, அப்பா கோயிலில் பூஜை செய்பவர். கை சுழன்றால் பந்து கண்ணுக்குத் தெரியாது. படிப்பு முடிந்ததும் உடற்கல்விப் பட்டத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். அப்பா யோசித்து ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மாநிலத்தில் மூன்று இடத்துக்குள் வந்து சான்றிதழோடு வந்தால் அவள் இஷ்டம். வராவிட்டால், பெண் கேட்டுக் காத்திருக்கும் திருநெல்வேலிக்காரர்களுக்குச் சரி என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் மாநிலப் போட்டி நம் ஊரிலேயே நடந்தது, நாகமலை புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு மைதானத்தில். அரையிறுதியில் தோற்றோம். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். காலையிலேயே அபிராமியின் அப்பா வந்து, வேப்பமரத்தடியில் ஒரு தூக்குவாளியோடு உட்கார்ந்துவிட்டார்.

மொத்தம் ஏழு இன்னிங்ஸ். நான்கு முடிந்தபோது நாங்கள் ஆறு, எதிரணி இரண்டு. அபிராமி பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு ரன் முன்னால் இருக்கிறோம், அபிராமி கொஞ்சம் மூச்சு வாங்கட்டும், மூன்று வருஷம் பை தூக்கிய ஒச்சம்மாளும் பத்துப் பந்து போட்டு ஆசையைத் தீர்த்துக்கொள்ளட்டும், தேவைப்பட்டால் அபிராமியை மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். நான் ஹேண்ட்பால் ஆடி வளர்ந்தவள். அதில் ஒருத்தியை எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வெளியே மாற்றலாம். பேஸ்பாலில் எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. முந்தைய இரண்டு வருஷமும் ஒன்பது பேர் தேறுவதே பெரும்பாடாக இருந்தது, இதில் யாரை எங்கே மாற்ற?

“ஒச்சு, நீ போய்ப் போடு. அபிராமி கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்.”

“மேம், அவ வெளிய வந்துட்டான்னா...”

வாயிலிருந்து விசிலை எடுத்தேன். “சான்ஸ் குடுத்தா ஆயிரம் பேச்சு. வாய மூடிட்டுப் போடி.”

வாயை மூடிக்கொண்டு போனாள். நான் அம்பயரிடம் மாற்றத்தைச் சொல்லிவிட்டு வந்து, பெருந்தன்மையாக ஒரு வாய் மோர் குடித்தேன்.

அந்த இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் போனது. ஒச்சம்மாள் மோசமாகப் போடவில்லை. ஆனால் அபிராமியின் வேகத்தில் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு இவள் பந்து வந்து சேருவதற்குள் முகூர்த்தம் பார்க்க நேரம் இருந்தது. ஆறுக்கு நான்கு. அம்பயரிடம் ஓடினேன்.

“சார், பழைய பிட்சர இறக்குறோம்.”

“எந்தப் பழைய பிட்சர்?”

“அபிராமி.”

“அந்தப் பொண்ணுதான் வெளிய போயிருச்சே.”

“ஆமா. இப்ப உள்ள வரும்.”

“வராது மேடம். இதுல வெளிய போனா அன்னிக்குப் போனதுதான். எறங்கி எறங்கி ஏற இது டவுன்பஸ்ஸா?”

திரும்பி வந்தபோது அபிராமி கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் கையுறையைக் கழற்றியது மட்டும் நினைவிருக்கிறது. வேப்பமரத்தடியில் இருந்து அப்பா எழுந்து வந்தார்.

“கொழந்தைய ஏன் மேடம் ஒக்கார வச்சுட்டேள்?”

“ரெஸ்ட் சாமி.”

“இன்னும் எவ்ளோ நாழி ரெஸ்ட்?”

நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டேன்.

ஆறாவது இன்னிங்ஸில் இன்னொரு ரன் போனது. ஆறுக்கு ஐந்து. எங்கள் பிள்ளைகள் மட்டையைப் பிடித்து எதுவும் சேர்க்கவில்லை. ஏழாவது, கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டோம், இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் ஜெயித்துவிடலாம். ஆனால் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் எதிரணிப் பிள்ளைகள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் இரண்டு பேரும் ஹோமுக்கு வந்துவிடுவார்கள், ஆட்டம் முடிந்துவிடும். மட்டையோடு இறங்கியவள் அவர்களிலேயே பெரிய அடிக்காரி.

ஒச்சம்மாள் முதல் பந்தை அகலமாக வெளியே போட்டாள். இரண்டாவதும் வெளியே. மூன்றாவது இன்னும் தள்ளி வெளியே. இப்படி நான்கு பந்து போனால் மட்டைக்காரி முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். பார்த்துக்கொண்டிருந்த பையன்கள், “பாப்பா பயந்துருச்சு மாப்ள” என்று சிரித்தார்கள். அபிராமி பெஞ்சில் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒச்சம்மாளிடம் ஓடினேன்.

“என்னடி, கை நடுங்குதா?”

“இல்ல மேம். வேணும்னுதான் வெளிய போடுறேன்.”

“வேணும்னா?”

“இந்தப் பிள்ள இன்னிக்கு ரெண்டு தடவ அந்தத் தென்னமரம் வரைக்கும் அடிச்சிருக்கு. அடுத்து வாரது மூணு தடவையும் தரையிலதான் உருட்டுச்சு. நோட்டுல எழுதியிருக்கேன். இவள மொத பேஸுக்கு அனுப்பிட்டா மூணு பேஸும் நெறஞ்சுரும். அப்ப அடுத்தவ பந்த உருட்டுனா, பின்னால வாரவளுக்கு எடம் விட அம்புட்டுப் பேரும் ஓடியே ஆகணும். யாரையும் தொட வேணாம் மேம், பந்தப் பிடிச்சுட்டு பேஸ மிதிச்சாலே அவுட்டு.”

“அடுத்தவளுக்கும் நாலு பந்து வெளிய போயிருச்சுன்னா?”

“ஒரு ரன்னு சும்மா போயிரும். போக விட மாட்டேன்.”

“ஒன்ன எடுத்துட்டு வேற யாரையாச்சும் போடலாம்னு பாக்குறேன்.”

“எடுங்க மேம்.” அவள் குரலில் ஒரு துளி மரியாதைக் குறைவு இல்லை. “ஆனா நானும் திரும்ப உள்ள வர முடியாது. அதையும் சேத்து யோசிச்சுக்கங்க. இதத்தான் அப்பவே சொல்ல வந்தேன்.”

பத்து விநாடி நின்றிருப்பேன். அந்தப் பத்து விநாடியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். எனக்கு விதி தெரியாது, அவளுக்குத் தெரியும். எதிரணியில் ஒருத்தியையும் எனக்குத் தெரியாது, அவளிடம் நோட்டே இருந்தது. என்னிடம் இருந்தது பதவியும் தொண்டையும். வெட்கமாகத்தான் இருந்தது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், ஏதாவது செய்தால்தான் பயிற்சியாளர் மாதிரி இருக்கும் என்று கை பரபரத்தது. நீங்களும் ஒருநாள் அப்படி நிற்பீர்கள். அப்போது எதையாவது செய்யத் தோன்றுவது ஆட்டத்துக்காகவா, பார்க்கிறவர்களுக்காகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அவளை மாற்றாமல் திரும்பி நடந்தேன்.

நான்காவது பந்தும் வெளியே. அடிக்காரி மட்டையைக் கீழே வீசிவிட்டு முதல் பேஸுக்கு நடந்தாள். மூன்று பேஸிலும் ஆள். அடுத்தவள் வந்தாள். ஒச்சம்மாள் முதல் பந்தை நடுவில் போட்டாள். நோட்டில் எழுதியிருந்தபடியே அந்தப் பிள்ளை தரையோடு உருட்டினாள். பந்து நேராக ஒச்சம்மாளிடம் வந்தது. மூன்றாவது பேஸில் இருந்தவள் ஹோமை நோக்கித் தலைதெறிக்க ஓடி வருகிறாள். ஒச்சம்மாள் குனிந்து எடுத்து, நிதானமாக, பயிற்சியில் போடுகிற மாதிரி பாண்டியம்மாளுக்கு எறிந்தாள். பாண்டியம்மாள் ஹோம் பிளேட்டை மிதித்துக்கொண்டு பந்தைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“தொடுடி பாண்டி! அவளத் தொடு!” என்று நான் அலறினேன்.

அம்பயர் கையை உயர்த்தி அவுட் என்றார். ஜெயித்துவிட்டோம். நான் இன்னும், “தொடு, தொடு” என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறேன்.

“மிதிச்சாப் போதும் மேம்” என்றாள் பாண்டியம்மாள். “ஒச்சு அப்பவே சொல்லிருச்சு.”

அன்றைக்கு அந்த மைதானத்தில் அந்த விதி சொல்லியும் மண்டையில் ஏறாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. அபிராமி ஓடிப்போய் ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் அப்பா தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார், எதிரணிக்கும் சேர்த்து. எதிரணிப் பயிற்சியாளர் வந்து ஒச்சம்மாளிடம், “கிராமத்துப் பொண்ணாம்மா? வயல்ல குருவி வெரட்டிப் பழகுன கையா?” என்று கேட்டார்.

“எங்க வயல்ல மல்லியப்பூ சார். அத எந்தக் குருவி திங்கும்?” என்று கேட்டுவிட்டு அவள் இரண்டாவது தடவை பொங்கல் வாங்கப் போனாள்.

தோற்றிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஜெயித்ததில்தான் வினை வந்தது.

கல்லூரி விளையாட்டுச் செய்தி நாளிதழில் எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நாமே எழுதி நிருபருக்கு அனுப்புவோம், அவர் ஒரு கமாவையும் மாற்றாமல் போட்டுவிடுவார். அன்று மாலை நான் எழுத உட்கார்ந்தேன். ஒச்சம்மாள் பந்து வீசி ஜெயித்தோம் என்று எழுதினால், ஏன் அவள் வீசினாள், அபிராமி எங்கே என்று முதல்வர் கேட்பார். விதி தெரியாமல் தன் நல்ல பிட்சரைத் தானே வெளியே உட்காரவைத்த பயிற்சியாளர் என்று ஊர் சிரிக்கும். “அபிராமியின் அபாரமான பந்துவீச்சால் மூன்றாம் இடம். அணியில் பாண்டியம்மாள் மற்றும் பலர் சிறப்பாக ஆடினர்” என்று எழுதி அனுப்பினேன். அபிராமியின் படிப்புக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினேன்.

மறுநாள் செய்தித்தாளோடு அபிராமியே வந்துவிட்டாள். “மேம், ஒச்சு பேரு இல்லியே.”

“எடம் பத்தலன்னு வெட்டிட்டாங்கம்மா” என்றேன். கூசாமல் சொன்னேன்.

அபிராமிக்கு உடற்கல்விப் பட்டப் படிப்பில் இடம் கிடைத்தது. திருநெல்வேலிக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். இன்று அவளும் உங்களைப் போல ஓர் உடற்கல்வி ஆசிரியைதான். ஒச்சம்மாள் மேற்படிப்பு முடித்தாள். ஆட்டம் நடந்து மூன்று வருஷம் கழித்து, ஒருநாள் மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“உள்ள வரலாமா மேம்?”

ஓர் அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். சான்றிதழும் சரியாக இருக்கிறது. ஆனால் சரிபார்ப்புக் குழுவுக்கு அது போதவில்லை. ஆடாதவர்கள் பெயரையெல்லாம் பட்டியலில் சேர்த்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்று புகார் வந்திருக்கிறதாம், நீ உண்மையிலேயே ஆடினாயா, பத்திரிகையில் வந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குடைக்காரியின் பெயரை எழுதிய கை எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

“பேப்பர்ல என் பேரு இல்ல மேம். கோச்சுகிட்ட லெட்டர் வாங்கிட்டு வான்னாங்க.”

உடனே எழுதினேன். கல்லூரி முத்திரை போட்ட தாளில், “பிட்சருக்கு விரலில் காயம் ஏற்பட்டதால் ஐந்தாவது இன்னிங்ஸில் இருந்து செல்வி ஒச்சம்மாள் பந்து வீசினார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். மடிக்காமல் என் மேஜையிலேயே வைத்தாள்.

“அபிராமிக்குக் காயம் இல்லியே மேம்.”

“அதுல என்னம்மா இருக்கு? நீ போட்டேன்னுதான எழுதியிருக்கு.”

“அவங்க அபிராமிக்கு போன் போட்டுக் கேட்டா? அவளும் பொய் சொல்லணுமா?” தாளை என் பக்கம் தள்ளினாள். “மூணு வருஷமா நான் யார்ட்டயும் ஒண்ணும் சொன்னதில்ல மேம். நீங்க வாய மூடச் சொன்னீங்க, மூடிட்டேன். இந்த லெட்டர்லயாச்சும் உள்ளத எழுதுங்க.”

முப்பத்தோரு வருஷத்தில் யாரும் என்னை அப்படி உட்காரவைத்ததில்லை. வேறு தாள் எடுத்தேன். ‘விதி தெரியாமல் நான் பிட்சரை மாற்றினேன்’ என்று என் கைப்பட எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. அபிராமியும் தனியே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். போட்டியின் ஸ்கோர் தாள் கிடைக்குமா என்று நடத்தியவர்களிடம் அலைந்தேன். மூன்று வருஷத்துப் பழைய தாளை யார் வைத்திருப்பார்கள்? ஒச்சம்மாளின் நோட்டு இருந்தது. அதில் கடைசிப் பந்து வரைக்கும் இருந்தது. ஆனால் அது அவளே எழுதியது.

ஒரு வாரம் கழித்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இருந்து போன் செய்தாள். பின்னால் பஸ் சத்தம்.

“இல்லன்னுட்டாங்க மேம். அச்சுல ஒரு மாதிரி இருக்கு, கையில வேற மாதிரி எழுதியிருக்கு, எல்லாரும் இப்ப வேலைக்காக மாத்தி எழுதிக் குடுத்த மாதிரி இருக்குன்னாங்க. பேப்பர்ல வந்ததத்தான் எடுத்துக்குவாங்களாம்.”

நான் எழுதிய பொய் எவ்வளவு கெட்டி பாருங்கள். என்னாலேயே அதை உடைக்க முடியவில்லை.

ஒச்சம்மாள் அதன் பிறகு இரண்டு வருஷம் படித்தாள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே. எந்த ஒதுக்கீடும் கேட்காமல் தேர்வு எழுதி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இருக்கிறாள். ஆகவே எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி நீங்கள் என்னைத் தேற்ற வேண்டாம். அந்த இரண்டு வருஷமும் அவளுடையது. எடுத்தது நான்.

இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் அவளிடம் சொன்னேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

“எழுதுங்க மேம். ஆனா மொத பேஸ் காலியா இருந்தப்பதான் அந்த அடிக்காரிக்கு நாலு பந்து வெளிய போட்டேன். அங்கயும் ஆள் நின்னுச்சுன்னு மாத்தி எழுதிறாதீங்க. அப்பறம் படிக்கிறவங்க என்னயக் கிறுக்கச்சின்னு நெனப்பாங்க.”

சரியாக எழுதியிருக்கிறேன் என்று நம்புகிறேன். அச்சில் வந்ததைத்தான் நம்புவோம் என்றார்கள் அல்லவா, அதனால் ஆசிரியர் குழுவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன், இடம் போதாவிட்டால் மேலே உள்ள எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், கீழே இருப்பதை வெட்டாதீர்கள் என்று.

நாகமலை புதுக்கோட்டையில் நடந்த அந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், ஐந்தாவது இன்னிங்ஸின் முதல் பந்தில் இருந்து ஏழாவது இன்னிங்ஸின் கடைசிப் பந்து வரை வீசியவர் ஒச்சம்மாள். அபிராமிக்குக் காயம் எதுவும் இல்லை. விதி தெரியாமல் அவரை வெளியே எடுத்தவள் நான். மறுநாள் நாளிதழில் வந்த செய்தியை எழுதியவளும் நான். அது தவறு.